இருபத்தேழாம் இலக்கத்தின் மூன்று மாதிரிகள்

காலை ஆறு நாற்பது. ஆய்வுகூட யன்னலின் பலகையைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு லட்டுப் பெட்டி. இனிப்புக் கடையின் சிவப்புப் பெட்டி, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, மாதிரி வாங்கும் தட்டின் நடுவில் இருந்தது. அதன் பின்னால் ஐம்பது கடந்த ஒருவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நீலச் சீருடை, எண்ணெய்க் கறை, இடுப்புப் பட்டியில் செருகிய கையுறை. துறைமுகத்து இழுவைப் படகில் வேலை செய்பவர் என்று உடையே சொன்னது.

"இது என்ன அண்ணை?"

"நீங்கள் கேட்டதுதான் மிஸ்."

வரிசையில் நின்ற ஒரு பெண், "மிஸ்ஸுக்கு விடியக்காலமையே லட்டு வந்திட்டுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெட்டிக்குள் மூன்று சொப்பிங் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. கடைசிப் பைக்குள் நாங்கள் கொடுத்த மலமாதிரிப் போத்தல். மூடியில் இலக்கம் இருபத்தேழு. வெளிச்சத்துக்குப் பிடித்துச் சரித்தேன். உள்ளே இருந்தது தண்ணீராகச் சரிந்தது.

"இது ஏலாது அண்ணை. தண்ணியாக் கிடக்கு. இறுகினதாத்தான் கொண்டு வரவேணும்."

யன்னலில் பேசுவதற்கென்று எங்களுக்கு ஒரு குரல் உண்டு. கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும் குரல். அந்தக் குரலில்தான் சொன்னேன். போத்தலை மஞ்சள் கழிவுப் பையில் போட்டேன். வெறும் பெட்டியை அவர் வாசலில் எறிந்துவிட்டுப் போனார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று அதை நக்கிக்கொண்டிருந்தது.

நான் ஓய்வு பெற்று இரண்டாவது வருடம் நடக்கிறது. சென்ற மாதம் றிஸ்வானா தொலைபேசியில் கோல் எடுத்தாள். என்னிடம் வேலை பழகி, இப்போது அதே யன்னலில் நிற்பவள். குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க இன்னொரு குழு வருகிறதாம். மாதிரி சேர்க்கும் வேலை மறுபடியும் எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான்.

"மிஸ், முந்தி நடந்ததை நீங்க ஒருக்கா எழுதித் தாங்களேன். புதுப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம். எப்படிச் செய்யிற எண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

எப்படிச் செய்யக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. எழுத இருந்தால் கதிரையில் தரிக்க முடியவில்லை. எழும்பி நடக்கிறேன். உப்புவெளிக் கடற்கரை வரை போய்த் திரும்புகிறேன். எழுதியதை வெட்டுகிறேன். ஆகவே பழைய பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். ஆய்வுகூடப் பயிற்சிக்கு அழைப்பு வரும்வரை இரண்டு வருடம் ஒரு தினசரிக்கு மாவட்டச் செய்தி எழுதினேன். நேரம் முதலில் வரவேண்டும், கண்ணால் கண்டது அடுத்து, யார் சொன்னது என்பது அதற்கடுத்து. எழுதுபவர் நினைத்தது எங்கும் வரக்கூடாது. அங்கே படித்தது அவ்வளவும் இதுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரத்தம் எடுத்தேன், கண்ணாடித் தட்டுக்குச் சாயம் ஏற்றினேன், பரீட்சை எழுதினேன், திருகோணமலைக்கே திரும்பி வந்தேன்.

முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஈச்சிலம்பற்றில் இருந்து முதல் பஸ்ஸில் ஒரு அம்மா வந்தார். வெறும்வயிற்றுச் சீனிப் பரிசோதனை. அளவு மிகக் கூடுதலாக வந்தது. இரண்டாம் தரம் செய்தேன். இரசாயனத்தை மாற்றி மூன்றாம் தரம் செய்தேன். கடைசியில் வெளியே போய்க் கேட்டேன்.

"அம்மா, விடிய என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. பல்லில பச்சைத் தண்ணியும் படேல்ல."

"தேத்தண்ணி?"

"அது குடிச்சனான். அது சாப்பாடே?"

"சீனி போட்டோ?"

"எனக்குத் தெரியாதே சீனி போடக்கூடாதெண்டு? தேத்தண்ணிக்க ஒரு பொட்டுச் சீனி போடேல்ல."

பக்கத்தில் இருந்த மகள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "கையில வச்சு நக்கினதையும் சொல்லணை."

உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று வெறும் தேத்தண்ணி குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோப்பைக்குள் சீனி போடாததால் அந்த அம்மாவின் கணக்கில் சீனியே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அன்று தொடக்கம், வெறும்வயிற்றுச் சீனி கூடிய எவரிடமும் நான் சொல்லும் முதல் வசனம் "கையை நீட்டுங்கோ பாப்பம்" என்பதுதான். உள்ளங்கை பிசுபிசுக்கும். ஆட்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவேன். முப்பது வருடமாக இந்தக் கேள்வி என்னைக் கைவிடவில்லை. அதனால் வேறு கேள்வி தேடவும் இல்லை.

எங்கள் மேலதிகாரி குணசீலன் டொக்டர். பின்னேரம் சரியாக இரண்டு மணிக்கு வருவார், கையில் கோடு கீறும் ஓர் இரும்பு அடிமட்டத்துடன். பதிவேட்டை விரித்து, முதல் வரியின் கீழ் அடிமட்டத்தை வைத்து இலக்கத்தையும் அளவையும் வாய்விட்டு வாசிப்பார். பிறகு அடுத்த வரி. நின்றபடியேதான் வாசிப்பார். சரி என்றோ நல்லது என்றோ அவர் சொல்லிக் கேட்டதில்லை. அடிமட்டம் கீழே இறங்கினால் சரி. இறங்காமல் நின்றால் நாங்கள் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்போம். அப்போது அவர் கேட்பது ஒரே கேள்வி.

"இது ஆர் கண்டது?"

என் சேவையின் கடைசி வருடங்களில்தான் வெளியூர்ப் பல்கலைக்கழகக் குழுவொன்று மலமாதிரி கேட்டு வந்தது. குணசீலன் டொக்டர் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். நாம் சாப்பிடும் கீரை, குரக்கன், தவிட்டரிசி ஆகியவற்றில் உள்ள நார்ப்பொருளை நம் உடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துத் தங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. அப்போது சில கொழுப்பமிலங்களைக் கழிவாக விடுகின்றன. அந்தக் கழிவு நமக்குப் பயன்படுகிறது. இன்சுலின் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். நீரிழிவு உள்ள பலருக்குக் குடலின் பாக்டீரியாக் கூட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் தீராத கேள்வி.

"முடிவு தெரிஞ்ச மாதிரிச் சனத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

ஒவ்வொருவரும் ஒரு மாத இடைவெளியில் மாதிரி தரவேண்டும். அதே காலையில் இரத்தமும் எடுப்போம். குளிர்ப்பெட்டி வாகனம் என்றைக்கு வரும் என்பது முதல்நாள் மத்தியானம்தான் எங்களுக்குத் தெரியும். அதனால் முதல்நாள் பின்னேரம் ஆட்களுக்குக் கோல் எடுப்போம். மூன்று மாதிரி ஏற்கப்பட்டவர்களுக்கு, குழுவோடு வரும் நீரிழிவு நிபுணரைப் பார்க்க இடம் கிடைக்கும்.

லட்டுப் பெட்டிக்காரர் சேர்ந்தது அந்த நிபுணருக்காகத்தான். அவரைத் தங்கராசா என்று வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வருடம் இழுவைப் படகில் கயிறு பிடித்தவர். வருடாந்த மருத்துவப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. சீனி கட்டுக்குள் இல்லை என்று எழுதினால் படகில் இருந்து இறக்கிவிடுவார்கள். நிபுணர் பார்த்து மருந்தைச் சீராக்கி ஒரு கடிதம் தந்தால் தப்பலாம் என்று பெயர் கொடுத்த நாளே என்னிடம் சொல்லியிருந்தார். "கரையில நிண்டு கப்பலைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது மிஸ்" என்றார். சேர்ந்தபோது அவருடைய மூன்று மாதச் சராசரிச் சீனி ஏழு தசம் நான்கு வீதம். மோசம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது தரம் வந்தார். அதே லட்டுப் பெட்டி வகை, அதே நூல். போத்தலைச் சரித்தேன். உள்ளே இருந்தது அசையவில்லை.

"இந்த முறை திறம் அண்ணை!"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தங்கராசா அண்ணை முதல் தடவையாகச் சிரித்தார்.

"பாஸோ மிஸ்?"

"பாஸ், பாஸ்."

ஒன்பதரைக்கு அவருடைய இரத்தச் சீனி வந்தது. இருநூற்று முப்பத்தொன்று. ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு அவர் இன்னும் காத்திருப்போர் வாங்கிலில்தான் இருந்தார். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். காய்த்துப் போன கை, சுத்தமாக இருந்தது. கழுவிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு அடிமட்டம் அந்த வரியில் சற்று நின்று இறங்கிவிட்டது. நீரிழிவுக்காரருக்கு அந்த அளவு அதிசயமில்லை.

மூன்றாவது தரத்துக்கு வாகனம் பிந்தியது. ஒரு மாதம் ஒன்றரை மாதமாகியது. அவர் மாதிரி கொண்டுவந்தார். அதுவும் திறம். இரத்தச் சீனி இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"அண்ணை, கை!"

"ஒண்டும் நக்கேல்ல மிஸ். சத்தியமா. வேணுமெண்டா நாக்கையும் நீட்டுறன்."

வாங்கிலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எழுந்து போகும்போது இடது காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்து நடந்தார். அதைக் கண்டேன். படகுக்காரர்களின் நடை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: சீனியுடன் தேத்தண்ணி அருந்தியுள்ளார்.

இரண்டு மணி. அடிமட்டம் இருபத்தேழாம் இலக்கத்தின் கீழ் நின்றது. இறங்கவில்லை.

"இது ஆர் கண்டது?"

"நான் எழுதினது சேர்."

"எழுதினது தெரியுது. குடிச்சதை ஆர் கண்டது?"

"ஒருதரும் காணேல்ல."

"அவர் சொன்னவரோ?"

"இல்லையெண்டுதான் சொன்னவர்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அடிமட்டத்தை எடுக்காமலே, "இவற்ற ரத்தம் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. "மூண்டு மாதச் சராசரியைப் பாருங்கோ. ஒரு நாள் தேத்தண்ணியால அது ஏறாது."

இரண்டு ஐம்பதுக்கு முடிவு வந்தது. பதினொன்று தசம் இரண்டு.

அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. பதிவில் இருந்த விலாசம் என் வீட்டில் இருந்து நாலு ஒழுங்கை தள்ளி, உப்புவெளியில். ஓட்டோ பிடித்துப் போனேன். மூன்று நாற்பதுக்குப் படலையைத் திறந்தேன். அவருடைய மனைவி புஸ்பம் குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தங்கராசா அண்ணை முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். சாரம், வெறும் மேல், காலில் சாம்பல் நிறக் காலுறை. பங்குனி வெயிலில், வீட்டில், காலுறை.

"வாங்கோ மிஸ், வாங்கோ! நாலாவதும் இப்பவே வேணுமாமோ?"

"அண்ணை, சீனிக்குத் தந்த குளிசை போடுறீங்களோ?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்? சொல்லுங்கோவன்" என்றார் புஸ்பம்.

"போடுறேல்ல மிஸ்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் திருப்பி அனுப்பின நாள் தொடக்கம்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார், படகில் புதிதாக ஏறியவனுக்கு முடிச்சுப் போடும் விதத்தைச் சொல்வதுபோல. "அந்த மெட்ஃபோர்மின் குளிசை போட்டா எனக்கு வயித்தால போகும். அதை விட்டுப் பாத்தன், மூண்டு நாளில இறுகிற்று. நீங்கள் முதல்நாள்தான் கோல் எடுப்பியள். எப்ப எடுப்பியள் எண்டு ஆருக்குத் தெரியும்? அதான் முழுக்க விட்டிட்டன். கப்பல் எப்ப வரும் எண்டு எங்களுக்கும் தெரியாதுதானே மிஸ். எஞ்சினை ஆயத்தமா வச்சிருக்கவேணும்."

"மிஸ் திறம் எண்டு சொன்னவ எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர்" என்றார் புஸ்பம். "மகள் பாஸ் பண்ணினதுக்கும் இந்தப் பெருமை இல்லை. நான் கேட்டனான், குளிசையை விட்டா ஒண்டும் செய்யாதோ எண்டு. கீரையும் குரக்கன் பிட்டும் தின்னுறன், குடலுக்க இருக்கிற கிருமியள் பாத்துக்கொள்ளும் எண்டார்."

அலுமாரியில் இருந்து குளிசை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணை கிளினிக்கில் தவறாமல் வாங்கியிருக்கிறார். ஒன்றும் உடைக்கப்படவில்லை.

"காலுறையைக் கழட்டுங்கோ அண்ணை."

"அது ஒண்டுமில்லை. மத்தியானத்தில படகின்ட இரும்பு மேல்தட்டு கொதிக்கும். வெறுங்காலோட நிண்டதில ஒரு கொப்புளம்."

"கழட்டுங்கோ."

மணம் முதலில் வந்தது. பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு குழி. விரல் நுனி கறுத்திருந்தது. அடுத்த விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"நோகேல்லையோ?"

"நோகேல்ல மிஸ். நொந்திருந்தா வந்திருப்பன்தானே."

வந்த ஓட்டோவைப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தேன். அதிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்றாம் நாள் இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார்.

அந்த வாரம் குணசீலன் டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்குக் கதிரையைக் காட்டிவிட்டுத் தான் நின்றார்.

"மிஸ், அந்தக் குளிசையும் குடலின்ர பாக்டீரியாவை மாத்தும். சிலருக்கு வயித்தால போறது அந்தக் குளிசையால வாற வழமையான தொல்லை. அவர் குளிசையை விட்டதை நாங்கள் அறியாமலே போயிருந்தால் இந்த மாதிரியளுக்கு என்ன நடந்திருக்கும்? மருந்தில இருக்கிற ஆள் எண்டு நினைச்சுத்தான் அந்தக் குழுவில இருக்கிறவை வாசிப்பினம். கிருமியின்ர கதையைக் கேக்கப் போய்க் குளிசையின்ர கதையைக் கேட்டிருப்பம். அதுகும் பிழையாக."

"முதல் மாதிரியை நான் எறிஞ்சிட்டன் சேர்."

"ஓம். அது தண்ணியாப் போனதுக்கும் ஒரு காரணம் இருந்தது. கேட்டிருந்தால் அவர் அப்பவே சொல்லியிருப்பார். குளிசையை மாத்திக் குடுத்திருக்கலாம்."

நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. அவர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பதிவேட்டு மேசைக்குப் போனார். மணி இரண்டு.

தங்கராசா அண்ணையைப் பிறகு பல தடவை கண்டிருக்கிறேன். படகின் ஈரமான மேல்தட்டில் நிற்க விரல்கள் வேண்டும். அவரைக் கரையில் கயிற்றுக் களஞ்சியத்தில் போட்டார்கள். எங்கே கண்டாலும் நின்று கதைப்பார். ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முடிக்கவிடவில்லை.

"உங்களில என்ன பிழை மிஸ்? நீங்கள் இறுகினதாக் கொண்டுவரச் சொன்னீங்கள். நான் கொண்டு வந்தனான்."

குற்றஞ்சாட்டும் குரல் அல்ல அது. பஸ் வந்ததும் எனக்கு முதலில் வழிவிட்டார். அந்தப் பேச்சு என்னை இருக்கவிடுவதில்லை. இப்போது உறவினர் வீடுகளுக்குப் போனால் குளிசை அட்டைகளை எண்ணுகிறேன், காலைக் காட்டச் சொல்கிறேன். என் தங்கை என்னைக் கண்டதும் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டு, "பாத்திட்டு இரு, பிறகு தேத்தண்ணி குடிப்பம்" என்கிறாள்.

இதை எழுதுவதற்காகப் பழைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி றிஸ்வானாவிடம் கேட்டேன். நினைவை நம்பி எழுத எனக்கு விருப்பமில்லை. நேற்றுப் பின்னேரம் நாலு பத்துக்கு அனுப்பினாள். பக்கத்தின் தலைப்பில் குணசீலன் டொக்டர் தட்டச்சு செய்து ஒட்டிய அறிவுறுத்தல் அப்படியே இருக்கிறது: நீர்த்தன்மையான மாதிரிகளை ஏற்கவேண்டாம், காரணத்தை விசாரித்து எழுதவும். அதன் கீழே என் கையெழுத்தில்: காலை 6.40, இலக்கம் 27, நீர்த்தன்மை, நிராகரிக்கப்பட்டது. அதற்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு, உட்கொள்ளும் மருந்துகள். அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை.